பதினாறு வரை எண்ணியவர்

அக்டோபர் 25, சனிக்கிழமை, மதியம் ஒன்று பத்து. இண்டியானா மாநிலத்தின் ஒரு சிறு ஊர்ப் பள்ளியிலிருந்து பேண்ட் அணிவகுப்புப் போட்டிக்கு வந்த நாற்பத்தேழு பிள்ளைகள் வாத்தியங்களோடு மைதானத்தில் அணிவகுத்து நிற்க, நடுவர் வெர்லின் ஓக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு உள்ளே நடந்தார்.

மற்ற நடுவர்கள் மேலே மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஓக்ஸின் வேலை நடப்பது. வாசித்துக்கொண்டே அணிவகுக்கும் பிள்ளைகளுக்கு நடுவே போய், யார் கால் பிசகுகிறது, யார் வரிசை விலகுகிறது என்று கருவியில் பேச வேண்டும். அந்தப் பதிவு அப்படியே பேண்ட் ஆசிரியருக்கு வந்துவிடும்.

ஓக்ஸ் மூன்றாவது நிமிடத்தில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

மறுநாள் அந்தப் பள்ளியின் பேண்ட் ஆசிரியை மார்லீன் ஸ்டக்கியும், பேண்டில் பெரிய குழல் ஊதும் டெஸ்ஸாவின் அப்பா டேரலும் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள்.

"பாருங்க மிஸ், மைல்கல் மாதிரி நிக்கிறாரு மனுஷன்! என் பொண்ணு தோள்ல அந்த ராட்சசக் குழலை மாட்டிக்கிட்டு பின்பக்கமா நடந்து வர்றா. நேரா அவர் முதுகுல மோதறா. அப்பவாவது நகர வேண்டாமா? நகராம, பிள்ளைங்களைக் கையால ஒதுக்கி விடறாரு!"

"நடுவர் குறுக்க நின்னா விலகாதீங்க, மோதிக்கிட்டே போங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் டேரல். எல்லா பேண்ட்லயும் அப்படித்தான். வழக்கமா அவங்கதான் துள்ளி ஓடுவாங்க."

"இவருக்கு வேர் விட்டுடுச்சு போல."

மூன்று பிள்ளைகள் மோதினார்கள். வரிசை கலைந்தது. மாடத்து நடுவர்கள் மார்க்கைக் குறைத்தார்கள். இறுதிப் போட்டிக்குப் பன்னிரண்டு பள்ளி. மார்லீனின் பள்ளி பதிமூன்றாவது. வித்தியாசம் வெறும் 0.3 மார்க்.

"அவரோட பதிவைப் போடுங்க மிஸ், கேப்போம்."

முதல் இரண்டு நிமிடம் சரியாகத்தான் இருந்தது. "கிளாரினெட், முட்டியை மடக்காதே… ஆங், இது அழகு…" பிறகு வாத்திய ஒலி மட்டும். நடுவே ஓக்ஸின் குரல், தாழ்ந்து.

"ஒண்ணு… ரெண்டு… மூணு, நாலு…"

"என்னத்த எண்றாரு?"

"தெரியலை. இருங்க."

"…பதினஞ்சு. பதினாறு." ஒரு நீண்ட மூச்சு. "அவ்வளவுதான்."

டேரல் மேசையைத் தட்டினார். "பதினாறு தப்பா? நின்ன இடத்துலயே நின்னு எண்ணியிருக்காரு!"

"பதினாறெல்லாம் இல்ல. நாலு தப்புகூட இல்ல," என்றார் மார்லீன். மூன்று தடவை போட்டுக் கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. மார்க் தாளில் ஓக்ஸ் சுமாரான மார்க் போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: பார்த்த அளவுக்கு மட்டும்.

"பார்த்த அளவுக்காம்! பாக்கத்தானே கூப்பிட்டாங்க?"

பள்ளியிலிருந்து புகார் போயிற்று. நடுவர் சங்கம் விளக்கம் கேட்டது. ஓக்ஸ் இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதினார்: "புகார் உண்மை. குறுக்கே நின்ற அந்த ஐம்பது விநாடி நான் பேண்டைப் பார்க்கவில்லை."

எல்லாப் பள்ளிகளுக்கும் அவர் போட்ட மார்க் நீக்கப்பட்டது. மார்லீனின் பள்ளி பன்னிரண்டாவது இடத்துக்கு ஏறியது. பன்னிரண்டில் இருந்த ஆல்டர் க்ரீக் பள்ளி வெளியே போனது. இருபத்திரண்டு வருட நடுவரான ஓக்ஸின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

"ஒரு காரணம்கூடச் சொல்லாம ஒத்துக்கிட்டாரே, ஏன்?" என்றார் மார்லீன்.

"குற்றமுள்ள நெஞ்சு, மிஸ். விடுங்க, பிள்ளைங்களைப் பழக்குங்க."

நவம்பர் 6, வியாழக்கிழமை. போட்டியன்று விட்டுவந்த, ஏறி நின்று பேண்டை நடத்தும் மேடைப் பெட்டியை எடுக்க மார்லீன் அந்த மைதானத்துக்குப் போனார். அதை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவர் மைதானக் காவலர் லோனி.

"அன்னைக்கு மதிய இடைவேளைக்கு அப்புறம் முதல்ல ஆடினது உங்க பிள்ளைங்கதானே? யாருக்கும் அடி படலையே?"

"எதுக்கு அடி படணும்?"

லோனி புல்லில் பதிந்திருந்த பச்சை மூடியைக் காலால் காட்டினார்.

"தண்ணிக் குழாய்க் குழி மேடம். ரெண்டடி ஆழம். இடைவேளைல திறந்தவன் மூட மறந்துட்டேன். அந்தப் பெரியவர் கண்ணுல பட்டிருக்கு. குழிக்கு ரெண்டு பக்கமும் காலை வச்சு நின்னுட்டாரு. உங்க பிள்ளைங்க ரெண்டு வரிசையா பின்பக்கமா வருது. ஒவ்வொண்ணையும் கையால ஒதுக்கி விட்டுக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும் வந்து, ‘பதினாறும் தாண்டிடுச்சு, இப்ப மூடு’ன்னாரு."

மார்லீன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். ‘மாசக்கணக்கா பழகின பிள்ளைங்கய்யா, பாதில எப்படி நிறுத்தறது’ன்னாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்னு கெஞ்சினேன் மேடம். ‘சொல்ல மாட்டேன், போ’ன்னாரு." லோனி தொப்பியைக் கழற்றினார். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

மார்லீன் வண்டிக் கதவைத் திறந்தார். "இன்னைக்கே சங்கத்துக்கு எழுதறேன். உங்க பேரு வராது," என்றார்.

அன்று மாலையே எழுதினார். ஓக்ஸின் மார்க் திரும்பச் சேர்ந்தால் பள்ளி மறுபடி பதிமூன்றாவது. கடிதத்தின் தலைப்பில் தேதி நவம்பர் 6 என்றுதான் இருக்கிறது.

நவம்பர் 8, சனிக்கிழமை இறுதிப் போட்டியில் அவருடைய பேண்ட் பதினோராவது இடம் பெற்றது.

கடிதம் தபாலில் சேர்க்கப்பட்டது நவம்பர் 10, திங்கட்கிழமை.