மருமகனின் முதுகு

சரக்கு வேனுக்குப் பின்னால் பதுங்கி நின்றார் பெரியவர். தெருமுனையில் மருமகன் போனைக் காதில் வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். பார்க்கிறவன் பெரியவரைத்தான் திருடன் என்று நினைப்பான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகிறது, அவன் பின்னால் இப்படி அலைய ஆரம்பித்து.

அவருக்கு லேத் பட்டறை. எவன் அளந்து கொடுத்தாலும், வெர்னியரை எடுத்துத் தானே மறுபடி அளக்காமல் இரும்பில் கை வைக்கமாட்டார். பட்டறையில் அவருக்குப் பெயரே ‘வெர்னியர்’தான். யாரையும் நம்பாத ஆள்.

பெருநாள் முடிந்த நாலாம் நாள், ஒரே மகள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

“வாப்பா, அவரு தினமும் சாயங்காலம் எங்கயோ போறாரு. கேட்டா மழுப்புறாரு.”

“எங்க போறான்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் உங்களக் கூப்பிடறேன்? நீங்களே பாருங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க, மானம் போயிடும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காதீங்க.”

ஊரடங்கில் வேலை போய், எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் மருமகன். இப்போதுதான் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை கிடைத்து நாலு இடம் போய்வருகிறான். வெளிக்காற்று பட்டதும் புத்தி மாறிவிட்டதா? மகள் வாழ்க்கை கந்தலாகிவிடுமோ என்று பெரியவருக்குத் தூக்கம் போயிற்று.

முதல் நாள் பின்னால் போய்ப் பார்த்தார். அவன் நுழைந்தது பள்ளிவாசலுக்குள், அஸர் தொழுகைக்கு. வேறொருவர் என்றால் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். வெர்னியரா திரும்புவார்? அந்தப் பள்ளிக்கு இரண்டு வாசல். முன்னால் நுழைந்து பின்னால் நழுவிவிடலாம். வாலிபத்தில் தன் வாப்பாவை ஏமாற்றி இவரே நழுவியிருக்கிறார்.

அதனால் உள்ளே போனார். சும்மா நின்றால் நாலு பேர் விசாரிப்பார்கள். கை கால் முகம் கழுவி ஒளூ செய்தார், பின்வரிசையில் நின்று தொழுகைக்குத் தக்பீர் கட்டினார். கண் மட்டும் முன்வரிசையில், மருமகன் முதுகில் இருந்தது. தினமும் அப்படியே.

“என்ன முதலாளி, ரமலான்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் அஸருக்கு ஓடுறீங்க? பள்ளிவாசல்லயும் யாராச்சும் அளவு தப்பா எடுத்துட்டாங்களா?” என்று பட்டறை ஃபிட்டர் கிண்டலடித்தான்.

“உன் வாய அந்த லேத் சக்குல மாட்டி நாலு சுத்து விட்டா சரியாயிடும். வேலையப் பாரு.”

பள்ளியின் கார்ப்பெட்டில், தள்ளி நிற்பதற்காகக் கொரோனாவில் ஒட்டிய டேப்பின் பசைக்கறை இன்னும் போகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியவருக்கு நெஞ்சில் ஒன்று முள்ளாகக் குத்தும். கூட்டாளி வெல்டர் ஊரடங்கில் மௌத்தானபோது ஜனாஸாவை அடக்க நாலே பேரைத்தான் விட்டார்கள். இவரை விடவில்லை. பூட்டிக் கிடந்த பள்ளியின் கேட்டைப் பிடித்துக்கொண்டு மகளிடம் அழுதார். “திறக்கட்டும்மா. இனி ஒரு வக்து தொழுகை விடமாட்டேன்.”

திறந்தார்கள். ரமலான் வந்தது. சுபுஹு தொடங்கி இஷா வரை ஐந்து வக்தும் முதல் ஆளாகப் போனார். பெருநாள் பிறை தெரிந்ததும் பழையபடி லேத்தோடு குடும்பம் நடத்தப் போய்விட்டார். ஊரே, விட்ட இரண்டு வருஷத்தைத் துரத்திப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் மட்டும் என்ன?

போன வாரம் ஒருநாள் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவர், வெல்டருக்காக அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். மருமகன் நினைப்பே இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தால், நல்லவேளை, முதுகு அங்கேயே இருந்தது. ‘வந்த வேலையை விட்டுட்டுத் தொழுதுகிட்டு இருக்கியே, அறிவு இருக்கா உனக்கு?’ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இப்போது தெருமுனையில் மருமகன் நகர்ந்தான். கல்லை உதைத்தால் கல் நோகும் வயசு. ஆனால் நடப்பது ஆமை மாதிரி. முனைக்கு முனை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். யாருக்கோ காத்திருக்கிறான், சந்தேகமே இல்லை.

இன்றைக்கு அவன் பள்ளியின் முன்வாசலைத் தாண்டிப் போனான். சந்துக்குள் திரும்பி, பின்வாசல் பக்கம். பெரியவர் பின்னாலேயே போனார். சுவரோடு ஒட்டி நின்று காதைத் தீட்டினார்.

“எனக்குப் பயமா இருக்கு. இதுக்கு மேல எப்படி மறைக்கறது? அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாரு... சிரிக்காத நீ... சரி, சரி, நீ சொல்ற மாதிரியே செய்யறேன்.”

‘நீ’யாமே! கொஞ்சலா? பெரியவருக்குக் கண் இருட்டியது. இரண்டே எட்டில் பாய்ந்து, போனை வெடுக்கென்று பிடுங்கினார்.

மருமகன் முகத்தில் ரத்தம் இல்லை. “மா...” என்று வாயெடுத்தான். விரலை நீட்டி அவனை அடக்கிவிட்டு, பெரியவர் போனைக் காதில் வைத்தார். எவள் என்று தெரியட்டும், இன்றைக்கே தீர்த்துவிடலாம்.

உள்ளே கேட்டது அவருடைய மகளின் குரல்.

“என்னங்க, பேச்சக் காணோம்? வாப்பா பின்னாடி வந்துட்டாரா? அஸர் நல்லாப் பழகிட்டாரு, நாளைல இருந்து விடியக்காலை சுபுஹுக்கும் கிளம்புங்க!”