கூட்டாளி

வேலூர் ஜெயிலிலிருந்து விடுதலையான முனியம்மாள், ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகத் தேவகியின் வீட்டுக்குப் போனாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பட்டு நூல் குடோன்ல ரெண்டு பேரும் சேர்ந்துதானே திருடினோம்? கடைசி தடவ மட்டும் காய்ச்சல்னு வூட்ல படுத்துக்கின. நான் போறதுக்கு முன்னாலயே அங்க போலீசு நின்னுகினு இருந்தான். யாருடி சொன்னது?"

"நான்தான் சொன்னேன்க்கா."

தேவகி பயப்படாததே முனியம்மாளுக்கு மேலும் வெறியேற்றியது.

"ஸ்டேசன்ல அத்தன அடி வாங்கியும் நான் உன் பேர சொல்லல. மூணு வருசம் என்னைக் களி தின்ன வெச்சிட்டு, இங்க நிம்மதியா சோறு பொங்கிகினு கீறியா? கூட்டாளிக்குத் துரோகம் பண்ண உனக்கு எப்படி மனசு வந்தது?"

தேவகி அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அந்தக் கடைசி தடவ, நான் தெரு முனையில காவல் நிக்கறப்போ பின்பக்க ஜன்னல் இடுக்குல நுழையறதுக்கு யார வரச் சொல்லி வெச்சிருந்த?"

தேவகி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இஸ்கூல் வாசல்ல நின்னு, 'பட்டுப் பாவாட வாங்கித் தர்றேன், அம்மாவுக்குத் தெரிய வேணாம்'னு என் பொண்ணுகிட்ட சொன்னியே. அப்போ ஒன்பது வயசு அவளுக்கு. அவ வந்து எங்கிட்ட சொன்ன உடனே நான் ஸ்டேசனுக்கு ஓடினேன்."

தேவகி அடுப்பிலிருந்து எரிகிற விறகை உருவினாள்.

"இஸ்கூல் வுடற நேரம். என் பொண்ணு கண்ணுல படாம போயிடு."