மூச்சுப் பயிற்சி

அந்த வகுப்பு நடந்தது செவ்வாயா புதனா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. பேசியவை மட்டும் மறக்கவில்லை.

எங்கள் மன அழுத்தம் குறைய வேண்டுமென்று, முதலாளி கிரெக் தன் மெல்பர்ன் பட்டறைக்கு ஒரு மூச்சுப் பயிற்சி ஆசிரியையை வரவழைத்திருந்தான்.

"நல்லா இழுத்து அப்படியே பிடிங்க" என்றாள் அவள்.

என்னோடு வேலை செய்யும் ராஸ் இருமி இருமிக் குனிந்தான்.

"மனசுல பாரம் ஜாஸ்தி. இறக்கி வைங்க, ராஸ்."

"மனசுல இல்லம்மா."

கிரெக் சிரித்தான். "மூச்சு விடக்கூட சோம்பலாடா உனக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க கேட்டது இதையா, கிரெக்?"

நாங்கள் கேட்டது முகமூடியும், சமையல்மேடைக் கற்களை அறுக்கும்போது தூசி பறக்காதபடி தண்ணீர் பாய்ச்சும் ரம்பமும்.

அடுத்த வருடமே ராஸ் நுரையீரல் முழுக்கக் கல்தூசியோடு செத்துப்போனான். நான் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறேன். ஆசிரியை வேறு கம்பெனிகளில் பயிற்சி தருகிறாள். கிரெக் பட்டறையை விற்றுவிட்டுக் கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டான்.