சேவல் முத்திரை

ரெண்டு பேரும் செய்யும் கத்திக்கு ஒரே முத்திரை போதும் என்றார் தம்புசாமி. ரெங்கசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

“இருபத்தாறு வருஷம் பேக்டரியில நான் செஞ்ச எதுலயும் என் பேரு இல்ல. இதுலயாவது எனக்குன்னு ஒரு அடையாளம் இருக்கட்டும்டா.”

கிள்ளான் பேக்டரியில் இருவரும் பார்த்த வேலை ஒரே நாளில் போனது. ரெங்கசாமி நாலு மாதம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. தம்புசாமிதான் அவரை இழுத்து வந்து, ஜெஞ்சாரோமில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பழைய லோரி ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தி செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

ஒரு வாரம் வாதாடி, ஆளுக்கொரு முத்திரை என்று முடிவானது. மரப்பிடியில் சூடு வைக்கும் சின்ன இரும்பு அச்சு. ரெங்கசாமி சேவலைத் தேர்ந்தெடுத்தார். தம்புசாமி புலி கேட்டார். வந்தது பூனை மாதிரி இருந்தது. பூனையும் புலி ஜாதிதான் என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார். இருவர் கத்திக்கும் சூடு வைக்கும் வேலையும் அவருடையதே.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த புஷ்பவல்லி ஆறு சேவலும் ஒரு பூனையும் வாங்கியிருந்தார். சேவல் கத்திகள் மாசக்கணக்கில் கூர் மங்கவில்லை. பூனை ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டது. பூனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் நாலு சேவல் வாங்கலாம் என்று ஒரு சனிக்கிழமை அவரே கார் ஓட்டி வந்தார்.

அவர் உள்ளே நுழைந்தபோதுதான் ரெங்கசாமி மூன்று கத்திகளை முடித்து நண்பர் முன்னால் வைத்துவிட்டு, எல்லாருக்கும் சாப்பாடு வாங்கக் கிளம்பினார்.

காரிலிருந்து பூனைக் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிய புஷ்பவல்லி வாசலிலேயே நின்றுவிட்டார். ரெங்கசாமி வைத்துவிட்டுப் போன மூன்று கத்தியிலும் தம்புசாமி பூனை முத்திரையை வைத்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்ததும் தம்புசாமி தடுமாறி, கத்திகளைத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு, தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய்விட்டார்.

புஷ்பவல்லி வெளியே வந்து காத்திருந்தார். நல்ல கத்தி செய்கிறவர் ஒருவர், பேர் வாங்குகிறவர் இன்னொருவரா? சாப்பாட்டுப் பொட்டலங்களோடு ரெங்கசாமியின் மோட்டார் சைக்கிள் வந்ததும், கேட்டிலேயே அவரை நிறுத்தி, பார்த்ததையெல்லாம் சொன்னார். இப்படிப்பட்ட ஆளோடு கூட்டு வேண்டாம் என்றும் சொன்னார்.

ரெங்கசாமி கோபப்படவில்லை. கொட்டகைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியும்மா. நான் செஞ்ச கத்தி எனக்கு அடையாளம் தெரியாதா? முதல்ல வித்த சேவல் கத்தி ஒண்ணு உடைஞ்சு திரும்பி வந்துச்சு. நான் மறுபடியும் வீட்டுலயே முடங்கிடுவேன்னு பயந்துட்டான். அன்னையிலேர்ந்து நான் செஞ்சதுல பூனை, அவன் செஞ்சதுல சேவல். வர்ற திட்டெல்லாம் அவன் வாங்கிக்கிறான்.”

புஷ்பவல்லி கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

“அப்போ என் கடையில இருக்கிற சேவல் எல்லாம்...”

“அவன் செஞ்சதுதான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிக்கிட்டு இருக்கான். நீங்களும் சொல்லிடாதீங்க.”

புஷ்பவல்லி மழுங்கிய கத்தியை மெல்லக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இந்தத் தடவை ஒரு பூனையும் சேர்த்து எடுத்துட்டுப் போங்கம்மா,” என்றார் ரெங்கசாமி. “ரெண்டு மாசமா அவன் வர்றதுக்கு முன்னாடியே வந்து கத்தி செஞ்சு பழகுறேன். என்னால அவன் பேரு கெட்டுடக் கூடாதுல்ல?”