ஒரு காஜா தள்ளி

நெம்மேலியில் ஆட்டோ வந்து நின்றதும் வெண்மதி ஓடி வந்து ஏறினாள். இரண்டாம் வகுப்பு; இன்னும் பேச்சு சரியாக வராத பிள்ளை. யூனிஃபார்ம் சட்டையில் பட்டன்கள் ஒரு காஜா தள்ளி மாட்டியிருந்தன. கடைசிப் பட்டன் இடமில்லாமல் தொங்கியது.

"இன்னா பாப்பா, சட்டை கோணிக்கினு கீது?" டிரைவர் கிருபாகரன் சரி செய்யக் கையை நீட்டினான்.

"கை வெக்காதீங்க!" வாசலிலிருந்து அலறினாள் அம்மா கண்ணகி.

அவன் முகம் சுண்டிப்போனது. ஒரு வருஷமாகப் பிள்ளையை ஏற்றிப் போகிறான். காலனிக்காரன் என்பது இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததா இவளுக்கு?

"நாளையிலேர்ந்து வேற ஆட்டோ பாத்துக்கம்மா."

கண்ணகி பதறி ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நீர். "ஐயோ, அதில்லண்ணா! இவ சொல்றத நாக்கு கேக்காத மாதிரியே விரலும் கேக்காதுன்னு செங்கல்பட்டு டாக்டரு சொன்னாரு. பதினோரு மாசமா பயிற்சி குடுத்துகினு கீறோம். இன்னிக்குத்தான் மொத மொதல்ல, நாலு பட்டன் அவளே போட்டுக்கினா. நீங்க அவுத்துட்டீங்கன்னா...?"

கிருபாகரன் திரும்பினான். தினம் பார்க்கிற பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல வாய் பிளந்து நின்றான்.

பட்டன் கழன்றுவிடப் போகிறதே என்று வேகத்தடைக்கு வேகத்தடை ஊர்ந்தே போனான்.

பள்ளிக்கூட வாசலில் ஆயா, "இன்னாடி இது கோலம்?" என்று வெண்மதியின் சட்டையைப் பிடித்தாள்.

"கை வெக்காதம்மா!"

தெருவே திரும்பிப் பார்க்க அலறினான் கிருபாகரன்.