நடுவில் ஒரு வழி

ஹமீதுன்னிசா ஆசையாகத் தட்டில் வைத்த கத்தரிக்காய் தொக்கைச் சுந்தரவல்லி அப்படியே வழித்து அவள் டிபன் பாக்ஸிலேயே திருப்பிப் போட்டாள்.

"இன்னா வல்லி, உடம்பு சரியில்லியா?"

"போதும்க்கா நடிச்சது. ஒன்பது வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு, என்னைக் காட்டிக் கொடுக்க?"

தி. நகரின் அந்த ஏழு மாடி ஜவுளிக்கடையில், விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடிய ஒரே இடம் ஐந்தாவது மாடி டைனிங் ரூம்தான். மற்ற நேரமெல்லாம் நின்றபடியே சேலையை விரிக்க வேண்டும், நின்றபடியே மடிக்க வேண்டும். ஊழியர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஸ்டூல்தான் இன்னும் வந்தபாடில்லை.

நேற்று மதியம் அந்த அறையில் இவர்கள் இரண்டு பேர்தான். "வர்ற வெள்ளிக்கிழமை சரியா நாலு மணிக்கு நம்ம ஃப்ளோர்ல எல்லாரும் தரையில உக்காந்துடணும்க்கா. என்ன செய்யறாங்கன்னு பாப்போம்" என்றாள் சுந்தரவல்லி. ஹமீதுன்னிசா தலையாட்டிவிட்டு, இரண்டு பேர் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். தனியாக இருந்த சுந்தரவல்லி, வீங்கிய காலைப் பெஞ்சின் மேல் நீட்டி, "அந்த மேனேஜர் ஒரு பல்லி. சுவரோட ஒட்டிக்கிட்டு நம்மளையே பாக்குது" என்று முனகிக்கொண்டாள்.

சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தரையில உக்காரப் போறீங்களாமே? நாளைக்கு ஒருநாள்தான் உனக்கு இங்க வேலை. அப்புறம் சைதாப்பேட்டை குடோன். அங்க போய் உக்காந்து மூட்டை எண்ணு." கதவைத் திறந்தவளை நிறுத்தி, "பல்லிக்கு எல்லாம் தெரியும்மா" என்று சிரித்தார்.

"உங்களைத் தவிர வேற யார்க்கா இருந்தா இங்க?" சுந்தரவல்லி டிபன் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினாள்.

"அல்லா மேல ஆணையா நான் வாயே தொறக்கல வல்லி. தோ, மேல கேமரா கீது பாரு..."

"கேமரா மேல பழி போடாதீங்க. அது கீழ செக்யூரிட்டிக்குப் படம் காட்டறதோட சரி. கடையோட நெட்வொர்க் வேலையைப் பாக்கறதே என் வீட்டுக்காரர். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் நான் இங்க பேசவே ஆரம்பிச்சேன்."

கேட்டது வாஸ்தவம். அந்த வேலையைத் தன் கணவன் முத்துகிருஷ்ணனுக்கு வாங்கித்தர இதே மேனேஜர் முன்னால் மூன்று தடவை கைகட்டி நின்றவள் அவள். "கேமராவுக்குத் தனி வீலேன், மேனேஜர் ஆபீசுக்குத் தனி வீலேன்" என்று அவன்தான் விளக்கினான். "வீலேன்னா ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாத் தடுத்து வைக்கறது. வயர் ஒண்ணுதான். ஆனா ஒரே காம்பவுண்டுல பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு குடும்பம் மாதிரி. இங்க நடக்கறது அங்க போகாது. நீ தைரியமாப் பேசு."

ஹமீதுன்னிசா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். சாப்பிடவுமில்லை.

சுந்தரவல்லி அரை நாள் லீவு சொல்லிவிட்டு கே.கே. நகர் வீட்டுக்கு வந்தாள். முத்துகிருஷ்ணன் லேப்டாப்பும் கையுமாக இருந்தான். பக்கத்தில் பிரிக்காத ஸ்வீட் பாக்ஸ் ஒன்று. நேற்று நடந்ததையும் இன்று நடந்ததையும் அவனிடம் சொல்லி, அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, யாரையும் ரொம்ப நம்பாதேன்னு. அந்தம்மா சகவாசமே இனிமே வேண்டாம்" என்றான். "கண்ணைத் துடை. நல்ல சேதி ஒண்ணு இருக்கு. மீதி ஆறு பிராஞ்ச் வேலையும் நமக்கே குடுத்துட்டார் மேனேஜர். நேத்து நான் போட்ட ரூட்டிங்கைப் பாத்து மனுஷன் அசந்துட்டார்."

"ரூட்டிங்னா?"

"ரெண்டு வீலேனுக்கு நடுவுல வழி விடறது. பெரிய வித்தை எல்லாம் இல்ல, சுவிட்ச்ல நாலு வரி தட்டினா..." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"எந்த ரெண்டுக்கு நடுவுல?"

அவன் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

பல்லி! அந்த வார்த்தையைச் சொன்னபோது ஹமீதுன்னிசா குழாயடியில் அல்லவா இருந்தாள்? ஐயோ, அந்த மனுஷி அன்பாக வைத்ததை மூஞ்சிக்கு நேராகத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தோமே என்று சுந்தரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் பேசினதை மேனேஜர் ரூம்ல இருந்து நீங்களும் கேட்டீங்களா?"

"டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொன்னார் வல்லி. யாரு இந்த ஸ்டூல் பேச்சைக் கிளப்பறதுன்னு தெரியணும்னார். பக்கத்துலயே நிக்கறார், நான் என்ன பண்ணட்டும்?"

"என் குரல் கேட்டதும் கேமரா மைக்கை ஆஃப் பண்ணியிருக்கலாமே! கட்டின பொண்டாட்டிதானே நான்?"

முத்துகிருஷ்ணன் ஸ்வீட் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைக் ஆஃப்லதான் இருந்துச்சு வல்லி. நீ வந்து உக்காந்தப்புறம்தான் ஆன் பண்ணினேன்."