கை தூக்காத டீச்சர்

“அந்தம்மாவுக்கே கை நெஞ்சுக்கு மேல ஏறலைங்க. அவங்க எனக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்துக் கிழிக்கப் போறாங்க?”

ஸ்கூட்டரில் ஏறி உட்காரும் முன்பே ரெங்கநாயகி ஆரம்பித்துவிட்டாள்.

“மொத நாள்தானே ஆச்சு. அதுக்குள்ள மார்க் போட்டுட்டியா?” என்று சிரித்தார் கணவர் தமிழ்மணி.

மார்க் போடுவது அவளுக்குப் பழகிப்போன வேலை. திருவெறும்பூர் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வலது தோள்பட்டை இறுகிப்போய், சில மாதங்களாகக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. போர்டில் கீழ்ப்பாதியில்தான் எழுத முடிந்தது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்பவும் இப்படியேன்னா, ஆபீஸ் வேலைக்கு மாத்திடறேன் டீச்சர். நீங்க ஏன் கஷ்டப்படணும்?” என்று ஹெச்.எம். அன்பாகத்தான் சொன்னார். ரெங்கநாயகிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வகுப்பறை இல்லாமல் அவளுக்கு என்ன இருக்கிறது?

டாக்டர் மருந்தோடு ஏதாவது மென்மையான பயிற்சியும் செய்யச் சொன்னார். யோகாவுக்குத் தரையில் உட்கார வேண்டும், முட்டி ஒத்துக்கொள்ளாது. நின்றபடியே, மூச்சோடு சேர்த்துக் கையை நிதானமாக அசைக்கும் சீனத்துப் பயிற்சி ஒன்று இருக்கிறது, பெயர் சிகோங் என்று தெரிந்துகொண்டாள். யூடியூபில் பார்த்ததும் பிடித்துப்போனது. திருச்சியில் விசாரித்ததில் இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

முதல் ஆள்தான் மன்னார்புரம் அனுபமா. சிங்கப்பூரில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தவர். மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே காலையில் வகுப்பு.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க?” என்று அனுபமா கேட்டபோது, “ஒண்ணுமில்லைங்க, சும்மா கத்துக்கலாம்னுதான்” என்றுவிட்டாள். வந்ததும் வராததுமாகக் குறையைச் சொல்வானேன் என்ற வீம்பு. கைப்பையை ஆணியில் மாட்டும்போது மட்டும் இடது கைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

புதிதாக வருபவர்களை முன்வரிசையில் நிறுத்துவது அங்கே வழக்கம். நின்றாள். அனுபமா மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தினார். நெஞ்சு வரை வந்தது, நின்றது, இறங்கியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் அத்தனை பேரும் அதே மாதிரிதான். வகுப்பு முடியும்வரை அவ்வளவுதான்.

“வீடியோல எல்லாரும் தலைக்கு மேல தூக்குறாங்க. இங்க டீச்சரும் அரைகுறை, கூட்டமும் அரைகுறை” என்று ஸ்கூட்டரில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை ரெங்கநாயகி.

“உனக்கு வலிச்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“வலிக்காமப் பாடம் ஏறுமா? பின்தங்குற பையனுக்காக என் கிளாஸ்ல நான் ஒரு நாளாவது நின்னிருக்கேனா?”

தமிழ்மணி வண்டியைக் கிளப்பினார். தொழிற்சாலையில் ஃபோர்மேன். சத்தமான இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

மறுநாள் புத்தூரில் இரண்டாவது ஆள். ஏ.சி. ஹால், சுவர் முழுக்கக் கண்ணாடி, பட்டுச் சட்டையில் மாஸ்டர்.

“கை மேல போகட்டும் மேடம்! பின்னால பாருங்க, எழுபது வயசு ஐயா தூக்குறார். மனசு வைக்கணும்!”

மொத்த ஹாலும் கண்ணாடியில் அவளையே பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். விண்ணென்று தெறித்து உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்து, முகத்தைத் துடைத்தபடி சொன்னாள்: “இவர்தாங்க மாஸ்டர். இங்கதான் சேரப் போறேன்.”

“அழுதுட்டு வந்து சொல்ற?”

“கண்டிப்பு இருந்தாத்தான் வகுப்பு.”

“சரி, அப்ப அந்தம்மாவுக்கு போன்ல சொல்லிடு.”

“ஒரு நாளா இருந்தாலும் சொல்லிக் குடுத்திருக்காங்க. நானும் டீச்சர்தான். நேர்ல சொல்றதுதாங்க மரியாதை.”

அடுத்த நாள் காலை, மன்னார்புரம் சிக்னலில் வண்டி மாட்டிக்கொண்டது. அவள் மாடியேறும்போது வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. ‘வீடு ரொம்ப தூரங்க, காலையில வந்துபோறது சிரமம்...’ என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டே கடைசிப் படியில் கால் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அனுபமாவின் இரண்டு கைகளும் காதை உரசிக்கொண்டு தலைக்கு மேலே நேராக நின்றன. எதிரே மொத்த வகுப்பும் அப்படியே. கடைசி வரிசையில் ரஃபீக் என்றொரு ரயில்வேக்காரர், நல்ல உயரம். அவர் விரல்கள் கூரைத் தகரத்தையே தொட்டுவிடும் போலிருந்தன.

ரெங்கநாயகிக்குச் சுர்ரென்று கோபம்தான் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் எனக்கு மட்டும் ஏன் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தார்? கேட்டுவிட வேண்டியதுதான்.

அனுபமா அவளைப் பார்த்துவிட்டார். சிரித்தார். வகுப்பை நிறுத்தவில்லை, முன்வரிசையில் காலியாக விட்டிருந்த இடத்தைக் கண்ணாலேயே காட்டினார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று ரெங்கநாயகி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

“மூச்சை இழுங்க” என்றார் அனுபமா.

கைகள் எழும்பின. ரெங்கநாயகியின் வலது கை வழக்கம்போல நெஞ்சுக்கு நேரே வந்து முரண்டு பிடித்தது. எதிரே பார்த்தாள். அனுபமாவின் கைகளும் அங்கேயே நின்றன.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரஃபீக் உட்பட, பின்னால் ஒருவர் கைகூட அவள் கையைவிட உயரத்தில் இல்லை.